எண்ணெய் கொழிக்கும் நாட்டில் ஏழைகள் எப்படி? சவூதி பற்றிய ஒரு கேள்விக்கு என் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் தமாமில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். சவூதியிலும் ஏழைகள் இருக்கிறார்கள், படித்த சவூதி இளைஞர்கள் வேலையின்றி இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை உங்களால் நம்ப முடியவில்லை. சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே வேலை இல்லாத இடத்தில் நம் ஊரிலிருந்து எதற்காக இத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: உள்ளூர்க்காரருக்கு வேலை கொடுப்பதற்காக அண்ணனை ஒருநாள் திருப்பி அனுப்பிவிடுவார்களா? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ரியாத்தில் ஒப்பந்த நிறுவனங்களின் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். யாருக்கு எவ்வளவு சம்பளம், ஒரு ஆளை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு எவ்வளவு செலவு, அரசு எதற்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துபோன விஷயங்கள். அதை உறுதியாகச் சொல்வேன். தெற்கே ஜீசான் கிராமங்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது நான் படித்தும் சக ஊழியர்கள் சொல்லக் கேட்டும் அறிந்தது. இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

ஏழைகள் இருக்கிறார்களா என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்த நாட்டு ஆட்சியாளரே ஒப்புக்கொண்ட விஷயம் இது. 2002 நவம்பரில், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அப்துல்லா, ரியாத்தின் ஷுமைசி பகுதியில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு நேரில் போனார். இடிந்த வீடுகளுக்குள் அவர் நுழைந்து பேசியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்கு முன்பு வறுமை என்ற சொல்லையே அங்கே பொதுவெளியில் உச்சரிப்பது அரிது. அதன்பின் வறுமை ஒழிப்புக்கென்று ஒரு தேசியத் திட்டமும் நிதியமும் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஆட்சியாளர் சொல்வது வேறு, குடிமகன் சொல்வது வேறு. 2011-இல் ஃபிராஸ் புக்னா என்ற இளைஞர் ரியாத்தின் ஜராதியா பகுதிக் குடும்பங்களைச் சந்தித்து ஒரு சிறு காணொளி எடுத்து யூடியூபில் போட்டார். வீட்டு வாடகை கொடுக்க முடியாத சவூதிக் குடும்பங்கள் அதில் பேசின. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவரும் கூட இருந்தவர்களும் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் காவலில் வைக்கப்பட்டார்கள். 2017 ஜனவரியில் ஐ.நா.வின் தீவிர வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அந்த நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஜீசானில் சில இடங்களின் நிலை சவூதிக் குடிமக்களையே அதிர்ச்சியடையச் செய்யும் என்று சொன்னார். இத்தனைக்கும் அவர் அரசின் அழைப்பின்பேரில் போனவர்.

எத்தனை பேர் ஏழைகள் என்ற கேள்விக்கு மட்டும் நம்பத்தக்க பதில் கிடையாது. பல ஆண்டுகளாக அங்கே அரசு வெளியிட்ட வறுமைக் கோடு என்று ஒன்று இருந்ததில்லை. கோடு இல்லாத இடத்தில் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ண முடியாது. இணையத்தில் இருபது சதவீதம், கால் பங்கு என்றெல்லாம் வரும் எண்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றின் அடியைத் தேடிப் போனால் யாரோ ஒருவருடைய மதிப்பீடுதான் மிஞ்சும். அவற்றை நம்பி யாரிடமும் வாதாடாதீர்கள்.

இப்போது உங்கள் ஆச்சரியத்துக்கு வருகிறேன். இவ்வளவு எண்ணெய் இருந்தும் எப்படி என்கிறீர்கள். நாம் அங்கே பார்ப்பது அரசின் செல்வத்தை. குடும்பத்தின் வருமானத்தை அல்ல. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் 3.22 கோடி பேர். அதில் குடிமக்கள் 1.88 கோடி, மீதி 1.34 கோடிப் பேர் நம்மைப் போல் பிழைக்கப் போனவர்கள். 2024-இல் அரசுக்கு எண்ணெயிலிருந்து வந்த வருவாய் சுமார் 75,500 கோடி ரியால். அதைக் குடிமக்களுக்கு மட்டும், வெளிநாட்டவருக்கு ஒரு ரியால்கூடத் தராமல் பங்கிட்டாலும், தலைக்கு ஆண்டுக்கு 40 ஆயிரம் ரியால், மாதத்துக்கு 3,350 ரியால்தான் வரும். பெரும்பாலும் அதிலிருந்துதான் ராணுவம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், சாலை எல்லாம். அரசு ஊழியர் சம்பளத்துக்கு மட்டுமே ஆண்டுக்கு 50,000 கோடி ரியாலுக்கு மேல் போகிறது. கத்தாரில் குடிமக்கள் சில லட்சம் பேர்தான். அவர்களுக்கு எரிவாயுப் பணத்தை அள்ளிக் கொடுக்க முடியும். சவூதியால் முடியாது. வளைகுடா என்றால் எல்லாம் ஒன்றே என்று நாம் நினைப்பதுதான் முதல் பிழை.

அந்தப் பணம் மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் வேலையின்மைக்கும் விடை கிடைத்துவிடும். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது, வரி வாங்காத அரசு, குடிமக்களுக்குச் செல்வத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தேர்ந்தெடுத்த முக்கிய வழி அரசு வேலை. பட்டம் வாங்கிய பையன் ஏதாவது ஒரு அமைச்சகத்தில் உட்கார்ந்துவிடுவான். காலை ஏழரைக்குப் போனால் பிற்பகல் இரண்டரைக்கு வீடு, வேலை போகாது, ஓய்வூதியம் உண்டு. மக்கள்தொகை ஒரு கோடியைத் தொடாத காலத்தில் இது நடந்தது. பிறகு பிள்ளைகள் பெருகினார்கள். இன்றும் சவூதிக் குடிமக்களில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். இத்தனை பேருக்கும் அமைச்சகத்தில் நாற்காலி போட எந்த அரசாலும் முடியாது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் திறந்திருந்த கதவு மகனுக்கு மூடிவிட்டது. ஆனால் அவனை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அந்தக் கதவை நம்பித்தான். 2005-இல் தொடங்கிய மன்னர் அப்துல்லா உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார்கள். உள்நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் பெருகின. கலைப் பாடங்களிலும் மார்க்கக் கல்வியிலும் பட்டம் பெற்று வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு மிஞ்சியது தனியார் துறை மட்டும்தான்.

அந்தத் தனியார் துறையில் என்ன நடந்தது என்பதுதான் நான் கண்ணால் கண்டது. ஒரு சம்பளப் பட்டியலை அப்படியே உங்கள் முன் விரிக்கிறேன். கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ராமநாதபுரத்திலிருந்தோ டாக்காவிலிருந்தோ வந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரியால், சாப்பாட்டுக்கு இருநூற்றைம்பது. தங்குவதற்கு ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். சமூகக் காப்பீட்டுக்கு அவர் பெயரில் நிறுவனம் கட்டுவது சம்பளத்தில் 2 சதவீதம், அதுவும் விபத்துக் காப்பீட்டுக்காக. 2012 வரை அவருடைய வேலை அனுமதிக்கு ஆண்டுக்கு வெறும் 100 ரியால் கட்டினால் போதும். 2021 வரை, அவர் விரும்பினாலும் முதலாளி விடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. இக்காமா எனும் குடியிருப்பு அனுமதி கஃபீலின், அதாவது அவருக்குப் பொறுப்பேற்ற முதலாளியின், கையில் இருந்தது. சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னாலும் மேற்பார்வையாளர் நில் என்றால் இரவு ஒன்பது மணி வரை நிற்பார். அதே வேலைக்குச் சவூதிக்காரர் ஒருவரை எடுத்தால் குறைந்தது 3,000 ரியால், இப்போது 4,000. அதற்குமேல் சமூகக் காப்பீட்டுக்கு நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதம். அவருக்கு மாலையில் வீட்டுக்குப் போக வேண்டும், தாயை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், பிடிக்கவில்லை என்றால் மறுநாளே விலகிவிடவும் முடியும். முதலாளி யாரை எடுப்பார்?

நம் ஆள் ஏன் ஆயிரம் ரியாலுக்குச் சம்மதிக்கிறார்? அவர் குடும்பம் வாழ்வது திருவாடானையிலோ கடையநல்லூரிலோ. அங்கே அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு. சவூதி இளைஞனின் குடும்பம் ரியாத்தில் வாழ்கிறது. அங்கே சுமாரான பகுதியில் ஒரு குடும்ப வீட்டுக்கு ஆண்டு வாடகை 30 ஆயிரம் ரியாலுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. கல்யாணம் என்றால் மணமகன்தான் மஹர் எனும் மணக்கொடை கொடுத்து, வீடு பிடித்து, சாமான் வாங்கிப் போட வேண்டும். 4,000 ரியால் என்பது நம் ரூபாயில் லட்சத்தை நெருங்குகிறது என்பதால் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாடகையும் காருக்கான தவணையும் போனால் அவன் கையில் நிற்பது மிகக் குறைவு. ஆகவே அந்த ஊதியத்துக்கு அவன் வர மறுத்தால் அது சோம்பல் அல்ல. நம்மவர்கள் பலர், வருடக்கணக்காக அங்கே இருந்தவர்கள்கூட, அரபிகள் உடல் வளைக்க மாட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற பேச்சு. நம் ஊரிலும் பத்தாயிரம் ரூபாய்க்கு வேலைக்கு வராத பட்டதாரியைப் பார்த்து இதையேதான் சொல்கிறோம்.

ஆக, உங்கள் கேள்வியில் முரண்பாடாகத் தெரிகிற இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு ஆயிரம் ரியாலுக்கு உழைக்கும் முறை இருந்ததால்தான் சவூதி இளைஞனுக்கு வாழத்தக்க ஊதியத்தில் தனியார் வேலை உருவாகவில்லை. இடம் மாற உரிமையில்லாத தொழிலாளியின் கூலிதான் சந்தையின் கூலியாகிவிட்டது. அதை முறியடிக்க அரசு செய்தது 2011-இல் வந்த நிதாகத். நிறுவனங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, இத்தனை சதவீதம் சவூதிக்காரர் இல்லையென்றால் புதிய விசா இல்லை, இக்காமா புதுப்பிக்க முடியாது என்று நெருக்கினார்கள். 2013-இல் நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்தச் சொல் அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்; கேரளத்திலும் தமிழகத்திலும் பெரும் பதற்றம் ஏற்பட்டது. நிதாகத்தின் முதல் 16 மாதங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் பெக், அதனால் 63 ஆயிரம் சவூதிக்காரருக்குக் கூடுதலாக வேலை கிடைத்தது என்றும், ஏறத்தாழ 11 ஆயிரம் நிறுவனங்கள் மூடப்பட்டன என்றும் கணக்கிட்டார்.

அந்த 63 ஆயிரத்தில் எத்தனை உண்மையான வேலை என்பதுதான் எனக்கு உறுத்தல். நான் இருந்த ஒரு நிறுவனம் மஞ்சளில் சிக்கிக்கொண்டது. மாத இறுதிக்குள் ஏழெட்டுச் சவூதிப் பெயர்களைச் சமூகக் காப்பீட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. யார் யாரோ மூலம் அடையாள அட்டை நகல்கள் வந்தன. வங்கிக் கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டு, மாதம் இவ்வளவு போட்டுவிடுவோம், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், இரண்டாம் நாள் காலை நேரில் வந்துவிட்டான். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவன். தோப் எனும் வெள்ளை நீளங்கியைத் தேய்த்துப் போட்டு, கையில் சான்றிதழ் கோப்போடு என் மேசைக்கு எதிரே நின்று, நான் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டான். மேலாளர் வெளியே வந்து சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டி, பணம் வரும், வீட்டுக்குப் போ என்றார். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்றான் அவன். அவனுக்கு மேசை போட்டால் அதற்கு ஒருவர் நேரம் செலவழித்துச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்ய யாருக்கும் மனமில்லை. அனுப்பிவிட்டார்கள். இப்படிப் பெயரளவில் ஏற்றுவதைத் தடுக்க அரசும் பிறகு பல கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. குறைந்த சம்பளம் காட்டினால் அரை ஆளாகத்தான் கணக்கு, சம்பளம் வங்கி வழியேதான் போக வேண்டும் என்றெல்லாம் வந்தன. ஆனாலும் ஒரு தலைமுறையில் பலர் வேலை கற்றுக்கொள்ள வேண்டிய வயதைப் பட்டியலில் பெயராகக் கழித்துவிட்டார்கள். இதற்கு மறுபக்கம், சவூதிக்காரர் பெயரில் உரிமம் எடுத்து வெளிநாட்டவர் சொந்தமாக நடத்தும் கடைகள். ரியாத்தின் பத்ஹா கடைவீதிப் பகுதியில் பார்க்கும் பகாலாக்கள் (மளிகைக் கடைகள்) பலவும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடின. பெயர் கொடுத்தவருக்கு மாதம் ஒரு தொகை. 2020-இல் இதற்கெதிராகக் கடுமையான சட்டம் வந்தது.

2011-இல் அரபு நாடுகளில் கிளர்ச்சி பரவியபோது சவூதி அரசு வேலையில்லாதோருக்கு ஹாஃபிஸ் என்ற திட்டத்தில் மாதம் 2,000 ரியால், ஓராண்டுக்கு, தரத் தொடங்கியது. விண்ணப்பங்கள் குவிந்தபோதுதான் வேலையின்மையின் உண்மை முகம் தெரிந்தது. உதவி பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பட்டதாரிகள் ஏராளம். அதுவரை ஆணின் பிரச்சினையாகவே பேசப்பட்டு வந்த ஒன்று இது. நான் அறிந்த ஒரு காசாளர் பெண்ணுக்குச் சம்பளம் 3,000 ரியால். கார் ஓட்டப் பெண்ணுக்கு அனுமதியில்லாத காலம், பஸ் கிடையாது. வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து விடும் டிரைவருக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் போய்விடும். மிச்சத்துக்காக ஒருத்தி ஏன் வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் வீட்டில் கேட்பார்கள். அவர் போனார், தந்தை இறந்து வீட்டில் வேறு வருமானம் இல்லாததால். 2018 ஜூன் 24-இல் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கியதை இங்கே பலர் வேடிக்கைச் செய்தியாகப் படித்தோம். சம்பளப் பட்டியலைப் பார்ப்பவனுக்கு அது மூன்றில் ஒரு பங்கு ஊதிய உயர்வு.

அங்கே உண்மையான ஏழை யார் என்று கேட்டால், என் பதில் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தாயைப் போன்றவர்கள்தான். விதவைகள், விவாகரத்தானவர்கள், கணவன் சிறையில் இருப்பவர்கள் அல்லது இரண்டாம் குடும்பத்தோடு போய்விட்டவர்கள். செல்வம் அரசு வேலை வழியாக வருகிறது, அரசு வேலை ஆண் வழியாக வருகிறது என்றால் ஆண் இல்லாத வீட்டுக்கு அது வராது. அடுத்து, பெரிய குடும்பத்தோடு சிறிய ஓய்வூதியத்தில் இருக்கும் கடைநிலை அரசு ஊழியர்கள். அடுத்து, யெமன் எல்லையை ஒட்டிய ஜீசான் பகுதி மக்கள்; 2009 எல்லைச் சண்டையில் கிராமங்களையே காலி செய்ய வேண்டிவந்தவர்கள் அவர்களில் உண்டு. எல்லோருக்கும் கீழே, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிதூன்கள். அரசு உதவி எதற்கும் அடையாள எண் வேண்டும், அவர்களிடம் அது இல்லை. ஜித்தாவின் தெற்கே கரந்தினா போன்ற பழைய குடியிருப்புகளில் குடியிருப்பு ஆவணங்கள் இல்லாத ஆப்பிரிக்க வம்சாவளியினர் தலைமுறைகளாக இருந்தார்கள். 2021 இறுதியில் தொடங்கிய இடிப்புகளில் அந்தப் பகுதிகள் தரைமட்டமாயின.

உதவி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை 1962 முதல் இருக்கிறது. 2022-இல் அதைக் கணக்கிடும் அளவைக் குடும்பத் தலைவருக்கு 1,320 ரியாலாகவும் சார்ந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் 660 ரியாலாகவும் உயர்த்தினார்கள். மூன்று பிள்ளைகளோடு இருக்கும் விதவைக்கு 3,300 ரியால் வரும். இலவச மருத்துவம், இலவசப் படிப்பு. ஊர் ஊருக்கு ஜம்யியா எனும் அறநிறுவனங்கள் உண்டு. ஜகாத் பணமும் ரமலானில் அரிசி மூட்டையும் எண்ணெயும் அவை வழியே போகும். பட்டினி கிடக்கும் சவூதிக் குடும்பம் அரிது. வாடகை கட்ட முடியாத, மின்கட்டண பாக்கியுள்ள, கடனில் மூழ்கிய குடும்பங்கள்தான் அங்கே ஏழைகள். பிறத்தியார் முன் அதைக் காட்டிக்கொள்ளவே மாட்டார்கள். உயரமான மதில்சுவருக்குப் பின்னே இருப்பதால் நமக்குத் தெரிவதும் இல்லை.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. ரியாத்தின் நடுவிலேயே பல மைல் நீளத்துக்கு வெற்று நிலம் வேலி போட்டுக் கிடக்கும். யாரோ பெரிய இடத்து ஆட்கள் விலை ஏறட்டும் என்று வைத்திருப்பது. இப்படி வெறுமனே கிடக்கும் நகர நிலத்துக்கு அரசு 2015-இல்தான் ஆண்டுக்கு 2.5 சதவீத வரி விதிக்க முடிவு செய்தது. ஏற்றத்தாழ்வைக் காட்ட அரண்மனைகளைக் காட்டுவார்கள். என் கணக்கில் இந்த வெற்று நிலம்தான் அதற்கு நல்ல சான்று, ஏனெனில் இளைஞனின் வாடகையை ஏற்றியது அதுதான். பிறகு வந்த வீட்டுக்கடன் திட்டங்களால் சொந்த வீடுள்ள குடும்பங்கள் 2016-இல் பாதிக்கும் குறைவாக இருந்தது இப்போது அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இது பெரிய சாதனை. ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கடன் தலையில் இருக்கிறது.

வருமான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதில் எச்சரிக்கையாகவே பேச வேண்டும். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டியும் அவருடைய சகாக்களும் மத்தியக் கிழக்கு முழுவதையும் ஒரே பகுதியாக எடுத்துக் கணக்கிட்டு, மேலே உள்ள பத்து சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள், உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த பகுதி இது என்றார்கள். அது எகிப்தையும் யெமனையும் வளைகுடாவோடு சேர்த்த எண். அதைச் சவூதிக்கு மட்டும் பொருத்திவிடக் கூடாது. அங்கே வருமான வரி இல்லாததால் பணக்காரரின் வருமானம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. குடும்பக் கணக்கெடுப்பில் அவர்கள் அகப்படுவதும் இல்லை. இன்னொன்று, சவூதிக் குடும்பங்களுக்குள் மட்டும் ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் ஒரு படம். தொழிலாளர் முகாமில் இருக்கும் உங்கள் அண்ணனின் அறைத்தோழர்களையும் சேர்த்துப் பார்த்தால் முற்றிலும் வேறு படம். அந்த நாட்டில் வாழ்வோரில் ஐந்தில் இருவரை விட்டுவிட்டுப் போடும் கணக்கைக் கணக்கு என்று நான் ஏற்கமாட்டேன்.

கடந்த பத்தாண்டில் நிலை நிறையவே மாறியிருக்கிறது. 2016-இல் வந்த தொலைநோக்கு 2030 திட்டத்தில், 11.6 சதவீதமாக இருந்த சவூதிக் குடிமக்களின் வேலையின்மையை 7 ஆக்குவோம் என்றார்கள். கொரோனா காலத்தில் 15.4 வரை போன அந்த எண் 2024 இறுதியில் 7-க்கு வந்துவிட்டது. வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 2024-இல் முப்பத்தைந்தைத் தாண்டியது. ஓட்டல் வரவேற்பிலும் விமான நிலையத்திலும் சூப்பர் மார்க்கெட்டிலும் சவூதிப் பெண்களைப் பார்ப்பது இன்று சாதாரணம். இதை மனமார வரவேற்கிறேன். இதற்கிடையே கணக்கெடுக்கும் முறையையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய எண்ணோடு புதியதை அப்படியே ஒப்பிடுவது சரியாக இராது. இளைஞரிடையே, அதிலும் இளம்பெண்களிடையே, வேலையின்மை பொதுச் சராசரியைவிட இன்னும் மிக அதிகம். விலைவாசியும் ஏறிவிட்டது. வாங்கும் பொருளுக்குப் பொதுவான விற்பனை வரி இல்லாத நாட்டில் 2018-இல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2020 ஜூலையில் அது 15 ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூனில், அரசு ஊழியருக்குக் கொடுத்துவந்த 1,000 ரியால் விலைவாசிப் படியும் நின்றது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஈடுசெய்ய 2017 டிசம்பர் முதல் குடிமக்கள் கணக்கு என்ற பெயரில் வங்கியில் நேரடியாகப் பணம் போடுகிறார்கள். வேலை கிடைத்த சவூதி இளைஞன் தந்தை வாழ்ந்த வாழ்க்கையை வாழ முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் சக ஊழியர்களின் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. எண்ணால் நிறுவ முடியாது.

இனி உங்கள் அண்ணன். வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளும் செலவை அரசு படிப்படியாக ஏற்றிவிட்டது. 100 ரியாலாக இருந்த வேலை அனுமதிக் கட்டணம் 2012-இல் 2,400 ஆகி, 2020-இல் சவூதிக்காரரைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனங்களுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 9,600 ரியால் என்று ஆனது. தொழிற்சாலைகளுக்கு 2019 முதல் சலுகை உண்டு. நான் முன்பு விரித்த பட்டியலில் இருந்த இடைவெளியைச் சுருக்கத்தான் இது. ஆகவே எந்த வேலை பறிபோகும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். குளிர்சாதன அறையில், வாடிக்கையாளர் முன்னால், ஓரளவு நல்ல சம்பளத்தில் செய்யும் வேலைகள்தான் முதலில் போகும். செல்போன் கடைகள் 2016-இலும், துணிக்கடை, கார், கண்ணாடி, கைக்கடிகாரம் போன்ற பன்னிரண்டு வகைக் கடைகளில் பெரும்பகுதி இடங்கள் 2018 முதலும் அப்படித்தான் போயின. கணக்கர், பொறியாளர், மருந்தாளுநர் பணிகளிலும் சதவீதம் ஏறிக்கொண்டே வருகிறது. வெல்டர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், லாரி டிரைவர் வேலைகளுக்கு இப்போதைக்கு ஆபத்து தெரியவில்லை.

அவர் செய்ய வேண்டியது மூன்று காரியங்கள். இக்காமாவில் எழுதியிருக்கும் தொழிலும் அவர் உண்மையில் செய்யும் தொழிலும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறாக இருந்தால் சோதனையில் மாட்டுவது அவர்தான். கிவா எனும் அரசின் தொழிலாளர் இணையதளத்தில் தன் கணக்கைத் திறந்து, நிறுவனம் பதிவுசெய்திருக்கும் ஒப்பந்தத்தில் சம்பளமும் முடிவுத் தேதியும் சரியா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். 2021 சீர்திருத்தத்துக்குப் பின் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறும் வழி அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தே இருக்கிறது. இக்காமா புதுப்பிக்கும் செலவையோ வேலை அனுமதிக் கட்டணத்தையோ அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவின்படி அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும். பிடித்தால், ஊதியச் சீட்டையும் வங்கி வரவையும் மாதாமாதம் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுக்கும் நாள் வந்தால் அந்தப் படங்கள் ஊரில் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.